தில்லியிலிருந்து ஊருக்கு: ரயிலா, விமானமா?

தில்லித் தமிழர் வீடுகளில் பொங்கல் பேச்சு நவம்பரிலேயே தொடங்கிவிடும். முன்பெல்லாம் நான்கு மாதங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்துவிட்டது. ஜனவரி 11ஆம் தேதி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமென்றால், நவம்பர் 12 காலை 8 மணிக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் சில நிமிடங்களில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட். அடுத்த நொடியே வீட்டில் யாராவது கேட்பார்கள்: விமானத்திலேயே போய்விடலாமா?

ஐரோப்பாவில் இதே கேள்வி சில ஆண்டுகளாகப் பெரிய விவாதமாக நடக்கிறது. பிரான்ஸ் 2021இல் இயற்றிய பருவநிலைச் சட்டம், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்றது. 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தபோது, பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்கான சேவைகள்தான் அதில் அடங்கின. ஸ்பெயினில் சட்டமே தேவைப்படவில்லை. மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு 2008இல் அதிவேக ரயில் முழுத் தொலைவும் ஓடத் தொடங்கியது. 621 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடந்ததும் மக்கள் தாங்களாகவே ரயிலுக்கு மாறினார்கள். இந்தக் கதைகளைப் படித்துவிட்டு நம் நாட்டிலும் வேகமான ரயில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. தில்லியில் இருந்து பார்க்கும்போது, ரயில் விமானத்திடம் தோற்கும் இடங்கள் பலவற்றில் வேகம் காரணமே அல்ல. படுக்க இடம் உறுதி, போய்ச் சேரும் நேரம் உறுதி என்று சொல்ல முடியாததுதான் காரணம்.

முதலில் நேரக் கணக்கு. விமான டிக்கெட்டில் தில்லி–சென்னை 2 மணி 50 நிமிடம் என்று இருக்கும். மயூர் விகாரில் இருப்பவர் மாம்பலம் போவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மூன்றாம் முனையத்துக்கு ஒன்றேகால் மணி. இரண்டு மணி நேரம் முன்பே போக வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். 2022 டிசம்பரில் வந்த டிஜியாத்ராவால் வாசலில் வரிசை குறைந்திருக்கிறது. உள்ளே தட்டில் லேப்டாப்பையும் பெல்ட்டையும் வைத்துப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டும் வரிசை குறையவில்லை. மூன்றாம் முனையத்தில் கடைசி கேட் வரை நடப்பதே கால் மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி வர அரை மணி. எதிரே திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்து மாம்பலம் போய் வீடு சேர முக்கால் மணி. எல்லாம் சேர்ந்தால் ஏழேகால் மணி நேரத்துக்கும் மேல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 2,180 கிலோமீட்டரை 33 மணி நேரத்தில் ஓடுகிறது. முன்னும் பின்னும் சேர்த்தால் 35 மணி. இதில் பேச்சுக்கே இடமில்லை. விமானம் ஒரு நாளுக்கும் மேல் மிச்சப்படுத்துகிறது.

இதே கணக்கைச் சண்டீகருக்குப் போட்டுப் பாருங்கள். பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம். வீட்டிலிருந்து வீடு வரை கணக்கிட்டால் ஐந்தரை மணியைத் தாண்டும். சதாப்தி 3 மணி 20 நிமிடத்தில் போகிறது. வீட்டிலிருந்து புதுதில்லி நிலையம், அங்கே இறங்கி வீடு என்று எல்லாம் கூட்டினாலும் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். ஜெய்ப்பூர், டேராடூன், ஆக்ரா எல்லாவற்றுக்கும் ரயில்தான் சரி. 2016 ஏப்ரலில் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு 188 கிலோமீட்டரை 100 நிமிடத்தில் கடக்கிறது. பிரான்ஸின் இரண்டரை மணி நேர விதியைத் தில்லிக்குப் பொருத்தினால் ஆக்ராவோடு கதை முடிந்துவிடும். தில்லியிலிருந்து வழக்கமாக விமானம் பறக்கும் பெருநகரம் ஒன்றுகூட அதில் தேறாது. சண்டீகருக்கே அந்த விதி எட்டாது. ஆகவே பிரான்ஸைப் பார்த்து இங்கே தடைச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பேசுவது வீண்.

நடுத்தரத் தொலைவுதான் சுவையான பகுதி. 500 கிலோமீட்டரிலிருந்து ஆயிரத்து நானூற்று ஐம்பது வரை: லக்னோ, பிரயாக்ராஜ், வாராணசி, போபால், மும்பை, கொல்கத்தா. இங்கே கடிகாரத்தை மட்டும் பார்த்தால் விமானம் ஜெயிக்கும். வாராணசிக்கு 2019 பிப்ரவரியில் தொடங்கிய முதல் வந்தே பாரத் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பாபத்பூர் விமான நிலையம் ஊருக்கு வெளியே இருந்தாலும் ஆறரை மணிக்குள் வீடு சேரலாம். ஆனால் சிவகங்கா எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் பனாரஸ். பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸும் லக்னோ மெயிலும் அப்படித்தான். பகலில் ஒரு மணி நேரம்கூடச் செலவில்லை. ஹோட்டல் வாடகை ஓர் இரவு மிச்சம். மும்பை ராஜதானி மாலை ஐந்து மணியையொட்டிப் புறப்பட்டு மறுநாள் காலை எட்டரை மணிவாக்கில் மும்பை சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. உலகின் நெரிசல் மிக்க விமானத் தடங்களில் ஒன்று தில்லி–மும்பை. அப்படியும் தினமும் அந்த ரயில் நிரம்பி ஓடுகிறது என்றால் காரணம் இரவுதான்.

ஜெர்மன் ரயில்வே 2016 இறுதியில் தன் படுக்கை வண்டிகளைக் கைவிட்டபோது, ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் பலவற்றை எடுத்து 'நைட்ஜெட்' என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. ஐரோப்பா இன்று இரவு ரயிலை மறுபடி தேடிப் போகிறது. நாம் அதை இழக்கவே இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக நமது விளம்பரமும் முதலீடும் பகலில் உட்கார்ந்து போகும் வண்டிகளின் பக்கம் சாய்ந்துவிட்டன. போபாலுக்கு ஏழரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து போவது சாதனை என்றே சொல்லப்படுகிறது. அறுபது வயதுக்காரர் முதுகைக் கேட்டால் வேறு பதில் வரும். தில்லியிலிருந்து எட்டு முதல் பதினாறு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒவ்வொரு பெரிய ஊருக்கும் நேரம் தவறாத நல்ல இரவு வண்டிகள் இருந்தால், விமானத்துக்கு அதைவிடப் பெரிய போட்டி வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1969 மார்ச்சில் முதல் ராஜதானி புதுதில்லிக்கும் ஹௌராவுக்கும் இடையே ஓடியபோது 17 மணி 20 நிமிடம் எடுத்துக்கொண்டது. அன்று அது பெரும் பாய்ச்சல். அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. இன்றும் அந்த ராஜதானிக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. எஞ்சின்கள் மாறிவிட்டன, பெட்டிகள் மாறிவிட்டன, அகலப்பாதை அநேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்டது. மாறாதது ஒரே தண்டவாளத்தில் நிலக்கரியும் சிமென்ட்டும் ராஜதானியும் பாசஞ்சரும் வரிசையில் போவது. லூதியானாவிலிருந்து சோன்நகர் வரையிலான கிழக்குச் சரக்குப் பாதை 1,337 கிலோமீட்டருக்கு முடிந்திருப்பது அதனால்தான் பெரிய செய்தி. சரக்கு வண்டிகள் விலகிக்கொண்டால் பயணிகள் வண்டிகளுக்கு வழி கிடைக்கும். சென்னைத் தடத்துக்கு அப்படித் தனிச் சரக்குப் பாதை இன்னும் இல்லை. மதுரா–ஜான்சி, பல்லார்ஷா–காஜிப்பேட்டை, காஜிப்பேட்டை–விஜயவாடா என்று துண்டு துண்டாக மூன்றாம் பாதை போட்டு வருகிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் சராசரி வேகம் மணிக்கு 66 கிலோமீட்டர். பெயரில் மட்டும் சூப்பர்ஃபாஸ்ட் என்று போட்டுக் கட்டணம் வாங்குவது நியாயமில்லை.

ஆனாலும் அந்த 33 மணி நேரத்தைக் கடிகாரத்தில் இருப்பது போலவே எண்ணுவது தவறு. வண்டி இரவில் புறப்படுகிறது. அலுவலகம் முடித்து, சாப்பிட்டுவிட்டு ஏறலாம். விடியும்போது போபால், மதியம் நாக்பூர், மாலையில் வாரங்கல், இரவு விஜயவாடா, மூன்றாம் நாள் காலை சென்னை சென்ட்ரல். விடுப்பில் செலவாவது ஒரே ஒரு பகல்தான். போக வர இரண்டு. பத்து நாள் விடுப்பு உள்ள குடும்பத்துக்கு இது தாங்கும். நான்கு நாள் விடுப்புக்காரருக்குத் தாங்காது. ஆக, எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஊரில் எத்தனை நாள் தங்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். சென்னைக்கு மூன்றடுக்கு ஏசியில் சுமார் 2,100 ரூபாய், ஸ்லீப்பரில் சுமார் 800 ரூபாய். நான்கு பேர் ஏசியில் போய் வர 17,000 ரூபாய்க்குள் முடியும். விமானத்தில் ஒரு மாதம் முன்னால் எடுத்தால் தலைக்கு ஐயாயிரம், ஆறாயிரத்தில் கிடைப்பதுண்டு. பொங்கல், தீபாவளி வாரங்களில் அது இரட்டிப்பாவது சாதாரணம். ஸ்லீப்பரில் போகிற குடும்பத்துக்கு இந்தக் கேள்வியே எழாது. ரயிலா விமானமா என்று யோசிப்பது ஏசி வகுப்பு வாங்கக்கூடியவர்கள் மட்டுமே.

அந்த வகுப்பில்தான் ரயில்வே தன் கையாலேயே பயணிகளை விமானத்துக்கு அனுப்பியது. 2016 செப்டம்பர் 9இல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளுக்கு ஃப்ளெக்ஸி கட்டணம் வந்தது. ஒவ்வொரு பத்து சதவீத இடம் விற்றதும் கட்டணம் பத்து சதவீதம் ஏறும். கடைசியில் வாங்குபவர் ஒன்றரை மடங்கு வரை கொடுக்க வேண்டியிருந்தது. 2018இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, சில தடங்களில் விமானக் கட்டணமே குறைவாக இருப்பதையும், மூன்றடுக்கு ஏசியில் இடங்கள் காலியாகப் போவதையும் சுட்டிக்காட்டியது. அதன் பிறகே சில வண்டிகளில் அதை நீக்கி, உச்சவரம்பையும் குறைத்தார்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச் 20இல் நிறுத்தப்பட்டது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த சலுகை அது. கொரோனாவுக்காக நிறுத்தியது, கொரோனா போன பிறகும் திரும்பவில்லை. ரயிலை மிகவும் விரும்புகிற, மெதுவாகப் போகப் பொறுமையும் நேரமும் உள்ள ஒரே தலைமுறை அதுதான். அவர்களிடம் முழுக் கட்டணம் வாங்குவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

இத்தனையும் ஒரு பக்கம். உண்மையான வில்லங்கம் வெயிட்டிங் லிஸ்ட். விமானத்தில் விலை கூடலாம், குறையலாம், ஆனால் பணம் கொடுத்தால் இடம் உண்டு. ரயிலில் பணம் கொடுத்த பிறகும் இடம் உண்டா இல்லையா என்பது சார்ட் வரும்வரை தெரியாது. ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆக்ராவுக்கு என்றால் பரவாயில்லை. சென்னைக்குப் போகிறவர், முன்பின் தெரியாத ஒருவரின் கால்மாட்டில் உட்கார்ந்தபடி விந்திய மலையைத் தாண்டுகிறார். டி.டி.இ. வரும்போதெல்லாம் இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஜான்சியில் யாராவது வராமல் போனால் ஒருவருக்கு விடிவு. தட்கலுக்கு ஏசி வகுப்பென்றால் முந்தைய நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டுமே இணையத்தில் தட்கல் என்று ஆக்கியது நல்ல மாற்றம். சார்ட்டை முன்னைவிடச் சீக்கிரம் தயாரிக்கத் தொடங்கியதும் நல்லது. வண்டி கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போது டிக்கெட் உறுதியாகவில்லை என்று தெரிந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் இவையெல்லாம் பற்றாக்குறையை ஒழுங்காகப் பங்கிடும் வழிகள். பற்றாக்குறை அப்படியேதான் இருக்கிறது.

இந்த உறுதியின்மை எப்படி வலிக்கும் என்பதைப் பழைய தில்லித் தமிழர்கள் நன்கு அறிவார்கள். கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் குடியிருந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு முக்கிய வழி கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கி, பிறகு தில்லி–சென்னை என்று நிலைத்த வண்டி அது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976இல்தான் வந்தது. ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வரும். ரிசர்வேஷன் இல்லாமல் ஓடிப்போய் ஏறி, இரண்டு இரவு உட்கார்ந்தே பயணம் செய்து, சென்ட்ரலிலிருந்து தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ இன்னொரு வண்டி பிடித்துப் போய்ச் சேரும்போது காரியம் முடிந்திருக்கும். மகன் முகம் பார்க்காமலேயே தகனம் நடந்த வீடுகள் அந்தத் தலைமுறையில் எத்தனையோ. விமானம் அன்றும் இருந்தது. குமாஸ்தா சம்பளத்துக்கு அது எட்டாத தூரத்தில் இருந்தது.

கேப்டன் கோபிநாத் 2003இல் ஏர் டெக்கான் தொடங்கினார். 2006 ஆகஸ்டில் இண்டிகோ வந்தது. மலிவு விமானத்தின் மிகப்பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால், விடுமுறைச் சுற்றுலாவைச் சொல்லமாட்டேன். நள்ளிரவில் வந்த தொலைபேசிக்கு மறுநாள் மதியமே பதில் சொல்ல முடிகிறது. அம்மாவின் கையைப் பிடிக்க நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறது. சுற்றுச்சூழலுக்காக விமானத்தைக் கைவிட வேண்டும் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. மின்சார ரயிலில் ஒருவர் போவதால் வரும் கரிமம் விமானத்தைவிடப் பல மடங்கு குறைவு என்பதில் சந்தேகமில்லை. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்றாலும் கணக்கு ரயிலின் பக்கமே. அந்த நல்ல கணக்கைச் சண்டீகருக்கும் ஜெய்ப்பூருக்கும் லக்னோவுக்கும் பறப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் போகும் அதிகாரியும் வியாபாரியும் ரயிலுக்கு மாறலாம். அவசரத்துக்கு ஊர் போகிறவரிடம் கேட்பது முறையல்ல.

விமானத்தின் உறுதியும் எல்லாக் காலத்திலும் நிற்பதில்லை. டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடு வரை தில்லியின் பனிமூட்டம் ரயில், விமானம் இரண்டையும் ஒரே நாளில் முடக்கும். ஐம்பது மீட்டர் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும் இறங்கும் வசதி விமான நிலையத்தில் இருக்கிறது. அதற்கான பயிற்சி பெற்ற விமானியும் கருவி உள்ள விமானமும் கிடைத்தால்தான் அது பயன்படும். ரயில் எஞ்சின்களில் பனிமூட்டக் கருவி வைத்து மணிக்கு 75 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறார்கள். தெற்கிலிருந்து வரும் வண்டிகள் குவாலியரைத் தாண்டிய பிறகு மாட்டிக்கொள்ளும். தாமதமான விமானத்தில் பயணி கண்ணாடிச் சுவருக்குள் நாற்காலியில் கிடப்பார். தாமதமான ரயிலில் படுக்கையாவது இருக்கும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாதவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

2025 டிசம்பர் முதல் வாரம் இன்னொரு பாடம். விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் தயார் செய்யாததால் இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் நிறுவனம் அது. மீதியிருந்த விமானங்களின் கட்டணம் தாறுமாறாக ஏற, 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு 18,000 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. ரயில்வே அவசரமாகக் கூடுதல் பெட்டிகளை இணைத்தது. கிங்ஃபிஷர் 2012இல் போனது, ஜெட் ஏர்வேஸ் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தது. வானத்தில் இப்போது பெரிய ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் தடுக்கினால் பயணி ஓடி வருவது ரயிலிடம்தான். அந்த நாளில் ரயிலிலும் இடமில்லை என்றால் நாட்டுக்கே வழியில்லை.

சாமான் பற்றி அதிகம் பேச வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7. மூன்றடுக்கு ஏசியில் 40 கிலோ, இரண்டடுக்கில் 50. கொப்பரைத் தேங்காயை விமானப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. ஊரிலிருந்து அரிசியும் ஊறுகாயும் பாத்திரமும் கொண்டுவருகிற குடும்பம் திரும்பும்போது ரயிலில்தான் வரும்.

தென்மாவட்டக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீனிலிருந்து நெல்லை போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு நாள். அதற்குப் பதில் மதியம் சென்னைக்குப் பறந்து, எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் காலை வீடு. ஜெர்மனியில் விமான நிறுவனமே ரயில் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் விற்கிறது. இங்கே இரண்டும் தனித்தனி. விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் நஷ்டம் பயணிக்கு. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் இணைக்க இங்கே தடையாக இருப்பது மனம் மட்டுமே. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை.

கடைசியாகச் சென்னைத் தடத்தின் குறை. தில்லியிலிருந்து மும்பைக்குத் தினமும் மூன்று ராஜதானிகள். பெங்களூருக்குத் தினமும் ஒன்று. சென்னைக்கு நிஜாமுதீனிலிருந்து போகும் ராஜதானி வாரத்தில் இரண்டே நாள். துரந்தோவும் அதேபோல இரண்டு நாள். மற்ற நாட்களில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்கும்தான் பாரம் சுமக்கின்றன. ராஜதானி தமிழ்நாடு எக்ஸ்பிரஸைவிட நான்கு மணி நேரத்துக்கும் மேல் சீக்கிரம் போகிறது. அது தினமும் ஓடினால் வாரத்துக்கு ஐந்து வண்டி படுக்கைகள் கூடும். பண்டிகை வாரத்தில் விமானக் கட்டணத்துக்கும் ஒரு கடிவாளம் விழும். மூன்றாம் பாதை வேலை முடிகிற ஒவ்வொரு பகுதியிலும் கிடைக்கிற இடத்தை முதலில் இந்த வண்டிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் ஒன்றாகச் சேர்ந்து ரயில்வே அமைச்சகத்திடம் கேட்கக்கூடிய கோரிக்கை இது. புதிய தண்டவாளமோ புல்லட் ரயிலோ தேவையில்லை. கூடுதல் பெட்டிகளும் கால அட்டவணையில் ஐந்து நாளுக்கு இடமும் போதும்.